பிள்ளை யாரோட சுதந்தரம்? – வாசகர் கேள்வி, ஐயரம்மா (சபை போதகரோட மனைவி) பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன மாசம் பைபிள்ல வர்ற சாமுவேல் தீர்க்கதரிசியோட அம்மா அன்னாளப் பத்தி எழுதும்போது "பெத்த பிள்ளைய ஆலயத்துல விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பி நடந்தா"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை லெட்டரும் வாட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிருக்கு. சில வாய்ஸ் மெசேஜ்ல பாதி அழுகைதான் கேக்குது. எல்லாத்துக்கும் பதில் எழுத இந்தப் பக்கம் பத்தாது, ஆறு கேள்வி மட்டும் எடுத்திருக்கேன். அடையாளம் தெரியாம இருக்க சின்னச் சின்ன விவரங்கள மாத்தியிருக்கேன்.

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு பொறந்த பையன். வயித்துல இருக்கும்போதே இவன டாக்டராக்கி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்னு ஆண்டவருக்கு நேந்து பொருத்தனை பண்ணிட்டேன். நீட் ரெண்டு தடவ எழுதிட்டான், கிடைக்கல. இப்ப மூணாவது தடவ எழுத மாட்டேன், விவசாய காலேஜுக்குப் போறேன்னு சொல்றான். பொருத்தனைய மீறினா பாவம் இல்லையா ஐயரம்மா? அன்னாளும் இப்படித்தானே பொருத்தனை பண்ணினா?

பதில்: தங்கச்சி, 1 சாமுவேல் 1-ம் அதிகாரத்த இன்னொரு தடவ நிதானமா வாசிங்க. பிள்ளையக் கர்த்தருக்குக் குடுத்துர்றேன்னுதான் அன்னாள் பொருத்தனை பண்ணினா. அவன தீர்க்கதரிசியாக்குறேன், நியாயாதிபதியாக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவன் என்னவா ஆகணுங்கிறத குடுத்தவர் கையிலயே விட்டுட்டா. நீங்க குடுத்துட்டேன்னு சொல்லிட்டு, எந்த டிபார்ட்மென்ட்ல வைக்கணுங்கிறதையும் சேத்து எழுதிக் குடுத்திருக்கீங்க.

பொருத்தனைய லேசா எடுக்கச் சொல்லல. எண்ணாகமம் 30-ல ஒரு மனுஷன் தன் ஆத்துமாவ நிபந்தனைக்கு உட்படுத்திக்கிறதப் பத்தித்தான் பேச்சு. அது தன் ஆத்துமா, அடுத்தவன் ஆத்துமா இல்ல. யுத்தத்துல ஜெயிச்சு வந்தா வீட்டு வாசல்ல இருந்து என் எதிர வர்றதப் பலியாக் குடுக்கிறேன்னு யெப்தா ஒரு பொருத்தனை பண்ணினான், எதிர வந்தது அவன் மக, விலை குடுத்ததும் அவதான். நியாயாதிபதிகள் 11-ம் அதிகாரத்த வாசிச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதனால சொல்றேன், உங்க பொருத்தனை உங்களக் கட்டட்டும். மிஷன் ஆஸ்பத்திரி உங்க மனசுல இருந்தா நீங்களே மாசத்துல ஒரு நாள் அங்க போய் பாக்க ஆளில்லாத நோயாளி பக்கத்துல உக்காருங்க, கஞ்சி வச்சுக் கொண்டு போங்க.

127-ம் சங்கீதம் நம்ம வீட்டு காலண்டர்ல எல்லாம் இருக்கும், "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்". இந்தக் காலத்துப் பிள்ளைங்க சுதந்தரம்னா ஆகஸ்ட் 15-ன்னு நினைக்கும், ஆனா பழைய பைபிள் தமிழ்ல சுதந்தரம்னா வழிவழியா வர்ற காணி. நாபோத் தன் திராட்சத்தோட்டத்த ஆகாப் ராஜாவுக்குக் குடுக்க மாட்டேன்னு நின்னானே, அங்கயும் இதே வார்த்தைதான். இஸ்ரவேலர் குடும்பங்களுக்குக் காணி இருந்துச்சு, உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம், ஆனா லேவியராகமம் 25-ல கர்த்தர் சொல்லிட்டார், தேசம் என்னுடையது, அறுதியா விக்கக்கூடாதுன்னு. சொந்தக்காரர் அவரு, நாம அங்க குடியிருந்து பாடுபடுறவங்க. பிள்ளையும் அப்படித்தான்னு அந்தச் சங்கீதத்த வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோணும். ராத்திரி கண் முழிக்கிறதும் காய்ச்சல்ல தலையத் தடவுறதும் நம்ம பாடு, ஆனா பட்டா நம்ம பேர்ல இல்ல.

செபெதேயுவின் குமாரருடைய தாய் இயேசுகிட்ட வந்து என்ன கேட்டா? மத்தேயு 20-ல பாருங்க, என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் உம்ம ராஜ்யத்துல வலது பக்கம் ஒரு சீட்டு, இடது பக்கம் ஒரு சீட்டு. இயேசு அவளத் திட்டல, நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லைன்னு மட்டும் சொன்னார். அதே அம்மா 27-ம் அதிகாரத்துல சிலுவைக்குத் தூரத்துல நின்னு பாத்துட்டு இருக்கா. அங்க அவருக்கு வலது பக்கம் ஒரு கள்ளன், இடது பக்கம் ஒரு கள்ளன். தான் பிள்ளைங்களுக்குக் கேட்டது என்னன்னு அன்னைக்கு அவளுக்கு விளங்கியிருக்கும்.

இத உங்களுக்குப் புத்தி சொல்ற இடத்துல இருந்து எழுதல. என் மூத்தவ ப்ளஸ் டூ படிக்கும்போது நான் தினமும் ராத்திரி குடும்ப ஜெபத்துல அவ தலையில கை வச்சு ஜெபிப்பேன். ரொம்ப வருஷம் கழிச்சு, அவளே ஒரு பிள்ளைக்குத் தாயான பொறவு, கறிக்கு வெங்காயம் உரிச்சிட்டே சொன்னா, "அம்மா, நீங்க கை வச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும், ஏன்னா ஜெபத்துல பிசிக்ஸ் மார்க்கத்தான் சொல்லுவீங்க". நான் பதில் பேசல. அந்த ரெண்டு வருஷமும் அவ பயந்தாளா, யார் மேலயாவது கோவத்துல இருந்தாளா, ஆண்டவர நேசிச்சாளா, ஒண்ணுமே நான் கேக்கல. ட்யூஷனுக்காக திடப்படுத்தல் வகுப்பக்கூட தள்ளி வச்சோம். நான் ஐயரம்மா, என் வீட்டுலயே இந்த நெலம.

அன்னாள் வருஷா வருஷம் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தச்சுக் கொண்டு போவான்னு 2-ம் அதிகாரத்துல இருக்கு. போன வருஷம் பாத்த பிள்ளைக்கு இந்த வருஷ அளவு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுல அதே வயசுப் பிள்ளைய நிறுத்தி அளந்திருப்பாளா, வளர்ற பிள்ளைன்னு உள்மடிப்பு கூட விட்டுத் தச்சிருப்பாளான்னு நான் யோசிப்பேன். எப்படியோ, அவன் எந்த அளவுல இருக்கானோ அந்த அளவுக்குத்தான் தச்சிருப்பா, தான் நினைச்ச அளவுக்கு இல்ல. உங்க பையன் விவசாயம்னு சொல்றான். ஏன்னு கேட்டீங்களா? மண்ணு மேல எப்படி ஆச வந்துச்சு, தாத்தா கூட வயலுக்குப் போனதுலயா? இந்த வாரம் அவன்கூட உக்காந்து அத மட்டும் கேளுங்க, குறுக்க பேசாதீங்க.

கேள்வி: சென்னைல ஐடி வேலை, ரெண்டு பிள்ளைங்க, 6 வயசு, 3 வயசு. மாமியார் தீத்து 2:5 சொல்லிக் காட்டுறாங்க, "வீட்டில் தரித்திருக்கிறவர்களும்"னு. ஒவ்வொரு நாளும் பிள்ளைங்கள க்ரெஷ்ல விடும்போது பாவம் பண்ற மாதிரி இருக்கு. வேலைய விட்டா வீட்டு லோன் கட்ட முடியாது.

பதில்: பைபிள ஒரு வசனமா பிச்சு எடுத்து மருமக தலையில போடுறது நம்ம வீடுகள்ல ரொம்ப நாளா நடக்குது, எனக்கு அதுல வருத்தம் உண்டு. தீத்துவுக்கு அந்த நிருபத்த எழுதின பவுல் அங்க வீட்டுப் பொறுப்ப அலட்சியம் பண்ணாதீங்கன்னு சொல்றார். அதே பவுல் பிலிப்பி பட்டணத்துல யார் வீட்டுல தங்கினார்? இரத்தாம்பரம்னு சொல்ற ஊதாத் துணி வித்த லீதியாள் வீட்டுல. வியாபாரத்த விட்டாத்தான் உன் வீட்டுக்கு வருவேன்னு அவர் சொன்னதா அப்போஸ்தலர் 16-ல இல்லையே. நீதிமொழிகள் 31-ல வர்ற குணசாலியான ஸ்திரீ வயல விசாரிச்சு வாங்குறா, திராட்சத்தோட்டம் நாட்டுறா, தான் நெய்த துணிய வியாபாரிங்களுக்கு விக்கிறா. அந்த அதிகாரத்தோட முதல் வசனத்த யாரும் பிரசங்கம் பண்றதில்ல. அது லேமுவேல் ராஜாவுக்கு அவன் அம்மா சொல்லிக் குடுத்த பாடம். குடிச்சு வெறிக்காத, ஊமையனுக்காகவும் திக்கற்றவங்களுக்காகவும் உன் வாயைத் திறன்னு ஒரு அம்மா மகனுக்குச் சொல்றா. அவன் நியாயமா நடக்கணுங்கிறதுதான் அந்தத் தாயோட கவல.

நேரம் பத்தலன்னு எழுதியிருந்தீங்க. சூசன்னா வெஸ்லின்னு இங்கிலாந்துல ஒரு ஐயரம்மா, மெதடிஸ்ட் சபை இயக்கத்தத் தொடங்கின ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியோட அம்மா. 19 பிள்ளைங்க பெத்தாங்க, 10 பேர்தான் பொழச்சு வளந்தாங்க. அத்தன வேலைக்கு நடுவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம் தனியா ஒதுக்கி பேசுவாங்க, வியாழக்கிழமை ஜானோட நாளு. ஜான் 1732-ல, 28 வயசு ஆம்பளையா, காலேஜ்ல வாத்தியாரா இருக்கும்போது அம்மாவுக்கு லெட்டர் எழுதுறார், அந்த வியாழக்கிழமை சாயங்காலத்துல கொஞ்ச நேரத்த எனக்காக இப்பவும் குடுங்கன்னு. அந்த ஒரு மணி நேரத்துல ஒரு பிள்ளை தன் அம்மா முழுசா தனக்குன்னு இருந்தத உணந்திருக்கு பாருங்க. நீங்களும் நாள் முழுக்க வீட்டுல இருந்து போனப் பாத்துட்டு இருக்கிறதவிட ராத்திரி 8 மணிக்கு போன பீரோவுல வச்சுப் பூட்டிட்டு மூணு வயசுக்காரி பக்கத்துல படுங்க.

எங்க அம்மா எனக்கு ஞானோபதேசம் நடத்துனதா ஞாபகம் இல்ல. தினமும் உலையில அரிசி போடுறதுக்கு முன்னால கைப்பிடி அரிசி எடுத்து தனி டப்பாவுல போடுவாங்க, சபைக்குக் காணிக்கை. அம்மா கையால ஒரு பிடி, அப்புறம் என்னத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு என் கையால ஒரு பிடி. நான் போடுறதுல பாதி கீழ சிந்தும். முதல்ல ஆண்டவருக்கு, பொறவுதான் நமக்குங்கிறது எனக்கு அந்த டப்பாலதான் பதிஞ்சுச்சு, வார்த்தையால இல்ல. அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆபிஸ் போற அம்மாவுக்கும் அரிசி டப்பா இருக்கும்ல.

கேள்வி: நான் ஒரு அப்பா. பிள்ளைங்க ஜெபம், சன்டே ஸ்கூல், படிப்பு எல்லாம் மனைவி பாத்துக்கிறா. வருமானத்துக்கு நான் பொறுப்பு, ஆவிக்குரிய காரியத்துக்கு அவ பொறுப்புன்னு பிரிச்சிருக்கோம். இது சரிதானே?

பதில்: சரியில்ல தம்பி. எபேசியர் 6:4 "பிதாக்களே"ன்னுதான் ஆரம்பிக்குது, கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் பிள்ளைங்கள வளக்கணும்னு உங்களத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுது. இத மனைவிகிட்டத் தள்ளிவிட்டுட்டு நாளைக்கு பிள்ளை தப்பிப் போனா "எப்படி வளத்திருக்க பாரு"ன்னு அவளையே கேப்பீங்க. இன்னைக்கு ராத்திரி நீங்க பைபிளத் திறங்க.

கேள்வி: குழந்தை பொறந்து ரெண்டு மாசம். எப்பப் பாத்தாலும் அழுகை வருது, பிள்ளையத் தூக்கவே பிடிக்கல, ஜெபம் வரல. சொந்தக்காரங்க பிசாசின் போராட்டம், உபவாசம் இருன்னு சொல்றாங்க. நான் கெட்ட அம்மாவா?

பதில்: இல்லம்மா, நீங்க கெட்ட அம்மா இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் மனசு இப்படிச் சோர்ந்து போறது ஒரு நோவு, மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு, நிறையப் பேருக்கு சரியாயிருக்கு. உங்கள பிரசவம் பாத்த டாக்டர்கிட்ட இந்த வாரமே போங்க, எனக்கு எழுதின அதே வார்த்தைய அங்க சொல்லுங்க. உங்களையோ பிள்ளையையோ எதாவது பண்ணிரலாம்னு ஒரு நினைப்பு வந்தா நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்பவே வீட்டுக்காரர எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போங்க, போற வரைக்கும் தனியா இருக்காதீங்க. பால் குடுக்குற தாய் பட்டினி கிடந்து உபவாசம் இருக்கணும்னு ஆண்டவர் கேக்கல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து நான் சாகணும்னு சொன்னப்ப தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலைமாட்டுல வச்சு, எழும்பி சாப்பிடுன்னான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தான், மறுபடியும் எழுப்பி சாப்பிட வச்சான். ஜெபிக்க முடியலைன்னா விடுங்க, உங்களுக்காக நாங்க ஜெபிக்கிறோம். இத வாசிக்கிற அம்மாமாரே, அத்தைமாரே, அந்தப் பிள்ளைய ராத்திரி மூணு மணி நேரம் நீங்க வாங்கி வச்சுக்கிட்டு அவளத் தூங்க விடுங்க.

கேள்வி: கல்யாணமாகி 11 வருஷம், பிள்ளை இல்ல. மே மாசம் அன்னையர் தின ஆராதனைல அம்மாமார எல்லாரும் எழும்பி நில்லுங்கன்னு சொல்லி ஆளுக்கொரு ரோஜாப்பூ குடுப்பாங்க. பெஞ்சுல நான் மட்டும் உக்காந்திருப்பேன். ஒரு வருஷம் சன்டே ஸ்கூல் பிள்ளை ஒண்ணு தெரியாம எனக்கும் பூ நீட்டிருச்சு, பக்கத்துல இருந்தவங்க "இந்த ஆன்ட்டிக்கு இல்லடா"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் மே மாசம் ரெண்டாவது ஞாயிறு நான் கோயிலுக்குப் போறதில்ல.

பதில்: இத வாசிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எங்க சபையிலயும் நானே பூ குடுத்திருக்கேன், யார் உக்காந்திருக்காங்கன்னு திரும்பிப் பாக்கல. மன்னிச்சிருங்க.

அந்த அன்னையர் தினத்தத் தொடங்கி வச்ச அன்னா ஜார்விஸ் கல்யாணம் பண்ணல, பிள்ளையும் இல்ல. 1905-ல தன் அம்மாவ எழந்த அந்த மக 1908 மே 10 அன்னைக்கு அமெரிக்காவுல கிராஃப்டன்னு ஒரு ஊர்ல, அவங்க அம்மா பாடம் எடுத்த மெதடிஸ்ட் கோயில்ல, 500 வெள்ளை கார்னேஷன் பூ அனுப்பி முதல் ஆராதனைய நடத்த வச்சாங்க. பொறவு அது பூ வியாபாரமாவும் கார்டு வியாபாரமாவும் ஆனதப் பாத்து நொந்து, சாகுற வரைக்கும் அத எதுத்தாங்க.

நம்ம பக்கத்துலயே, திருநெல்வேலிச் சீமையில டோனாவூர் இருக்கு. கல்யாணமே பண்ணாம அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாகிட்ட 1901-ல, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட இருந்த ஒரு சின்னப் பொண்ணு தப்பிச்சு வந்து சேந்துச்சு, அதுல இருந்து ஒண்ணொண்ணா நூத்துக்கணக்குல பிள்ளைங்க. 1951-ல அவங்க மரிச்சப்ப கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க, அதனால குருவி தண்ணி குடிக்க ஒரு தொட்டிய வச்சு அதுல அம்மாங்கிற பேர மட்டும் செதுக்கினாங்க. ரோமர் 16:13-ல பவுல் ரூபுவோட அம்மாவ "எனக்கும் தாயாகிய"ன்னு எழுதுறார். அந்த அம்மா பவுலுக்கு என்ன செஞ்சாங்கன்னு எங்கயும் இல்ல, ஒரு நேரம் சோறு போட்டிருக்கலாம், காயத்துக்கு எண்ணெய் தடவியிருக்கலாம்.

ஆனா ஒண்ணு. இதெல்லாம் சொல்லி, நீயும் ஆவிக்குரிய தாய்தான்னு சொல்லி உங்க வலிய மூடிவிட நான் வரல. அன்னாள் சாப்பிடாம அழுதா, ஆலயத்து ஆசாரியன் ஏலி அவ குடிச்சிருக்கான்னு நினைச்சான், ஆனா கர்த்தர் அந்த அழுகைய ஜெபமாத்தான் கேட்டார். அழணும்னா அழுங்க. ஒரு ஸ்திரீக்கு கர்ப்பத்தாலதான் மதிப்புன்னா இயேசு லூக்கா 11-ல அப்படியே சொல்லியிருக்கலாம். கூட்டத்துல ஒருத்தி உம்மைச் சுமந்த கர்ப்பம் பாக்கியமுள்ளதுன்னு சத்தம் போட்டதுக்கு, தேவனுடைய வார்த்தையக் கேட்டு அதக் காத்துக்கொள்ளுகிறவங்கதான் அதிகம் பாக்கியவான்கள்னு பதில் சொன்னார். தன் சொந்த அம்மாவப் பத்தின பேச்சுலயே.

ஐயர்மாருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள், அடுத்த மே மாசம் யாரையும் எழும்பி நிக்கச் சொல்லாதீங்க. வாசல்ல வர்ற எல்லாப் பெண்களுக்கும் பூவக் குடுங்க. பிள்ளைய எழந்தவங்க, கரு கலைஞ்சவங்க, கல்யாணம் ஆகாதவங்க எல்லாரும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க.

கேள்வி: என் மகன் பெங்களூர்ல இருக்கான், 27 வயசு. கோயிலுக்குப் போறதில்ல, எனக்கு விசுவாசம் இல்லன்னு நேராவே சொல்லிட்டான். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்"னு வசனம் இருக்கே, அப்ப நான்தான் சரியா நடத்தல, என் தப்புதானே?

பதில்: அக்கா, நீதிமொழிகள் 22:6 ஒரு நீதிமொழி. வாழ்க்கைல பொதுவா இப்படி நடக்கும்னு ஞானி சொல்ற வார்த்தை. இத்தனை போட்டா இத்தனை வரும்னு பேங்க்ல எழுதிக் குடுக்குற பத்திரம் மாதிரி அதப் பிடிச்சிட்டு தன்னையே அடிச்சிக்கிற தாய்மார நிறையப் பாத்துட்டேன். ஏசாயா முதல் அதிகாரம் ரெண்டாம் வசனத்த வாசிங்க, "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்". சொல்றது யாரு? கர்த்தர். அவர் வளப்புல குறையா?

மோனிக்கா கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வட ஆப்பிரிக்காவுல, இன்னைக்கு அல்ஜீரியா இருக்கிற இடத்துல ஒரு அம்மா, மகன் அகுஸ்தீன், பிற்காலத்துல பெரிய பிஷப்பா ஆனவர். வாலிபத்துல அவன் வேற ஒரு மதக் கூட்டத்தோட போய்ட்டான். அவ ஒரு பிஷப்புகிட்ட போய் என் மகன்கிட்ட நீங்க பேசுங்கன்னு கெஞ்சினா. அவர் சொன்னார், இப்ப அவன விட்டுரு, ஜெபம் மட்டும் பண்ணு. விடாம அழுதப்ப, இவ்வளவு கண்ணீருக்குப் பிள்ளையானவன் கெட்டுப்போக முடியாதுன்னு சொல்லி அனுப்பினார். நமக்கு அந்த ரெண்டாவது வார்த்தைதான் ஞாபகம் இருக்கு, விட்டுருன்னு சொன்ன முதல் வார்த்தைய மறந்துட்டோம்.

இன்னொண்ணும் இருக்கு. அகுஸ்தீன் ரோமுக்குக் கப்பலேறக் கிளம்பினப்ப அம்மா போகவிடாமப் பிடிச்சிட்டு நின்னா. அவன் பொய் சொல்லி, கடற்கரைக்குப் பக்கத்துல ஒரு ஆலயத்துல அவ ராத்திரி ஜெபிச்சிட்டு இருக்கும்போதே கப்பலேறிட்டான். அவ அன்னைக்கு ராத்திரி கேட்டது, மகன் போகக்கூடாதுன்னு. அந்த ஜெபம் கேக்கப்படல. ஆனா போன எடத்துல, இத்தாலி தேசத்துல, மிலான் பட்டணத்துல, அங்க பிஷப்பா இருந்த அம்புரோஸோட பிரசங்கத்தக் கேட்டு, 387 ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தான். அன்னைக்கு அவ கேட்டதக் குடுக்காமப் போனது, அவ எப்பவும் கேட்டுட்டே இருந்ததக் குடுக்கத்தான்னு பொறவு அகுஸ்தீனே எழுதியிருக்கார். அதே வருஷம் அம்மாவும் மரிச்சுட்டாங்க.

உங்க மகனுக்கும் அப்படியே நடக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், அந்த அதிகாரம் எனக்கு இல்ல. எழுத்துல ஒரு விஷயம் கவனிச்சேன். "நேராவே சொல்லிட்டான்"னு வருத்தமா எழுதியிருக்கீங்க, எனக்கு அது நல்லதாப் பட்டுச்சு. எத்தனையோ பிள்ளைங்க அம்மாவுக்காக கோயில்ல வந்து உக்காந்துட்டு உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாமப் போயிருக்கு. உங்க மகன் உங்ககிட்ட பொய் சொல்லல, உங்ககிட்ட உண்மையச் சொல்லலாம்னு நம்பியிருக்கான். அந்த நம்பிக்கைய நீங்கதான் வளத்தீங்க.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது கோயிலுக்குப் போனியான்னு முதல் கேள்வியா கேக்காதீங்க. ரெண்டு மாசத்துக்கு அந்தக் கேள்விய அவன்கிட்ட விட்டுட்டு ஆண்டவர்கிட்ட மட்டும் கேளுங்க. அவன்கிட்ட சாப்டியா, ரூம்ல யாரு சமைக்கிறா, அந்த முதுகு வலி எப்படி இருக்குன்னு கேளுங்க. கிறிஸ்மஸுக்கு வந்தா, மத்தவங்க முன்னாடி ஜெபிக்கச் சொல்லி இழுக்காம அவனுக்குப் பிடிச்ச முந்திரிக்கொத்து செஞ்சு வைங்க. அவன் பேர எனக்கு மட்டும் எழுதி அனுப்புங்க, காலைல அஞ்சு மணிக்கு நான் ஜெபிக்கிற நோட்டுல எழுதி வச்சுக்கிறேன்.